கணித பாடவேளையில் பிள்ளையின் கவனம்: வாவியின் இரு கரைகளிலும் கற்பித்து அறிந்தவை

"பிள்ளைகள் கணித பாடத்தில் கவனமாக இருப்பதில்லை" என்பது ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி எழும் முறைப்பாடு. பெற்றோரும் அதையே சொல்கிறார்கள். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் எனது கருத்து சற்று வேறானது. கவனம் என்பது பிள்ளையிடம் கேட்டோ அதட்டியோ வாங்கக்கூடிய பொருள் அல்ல. பிள்ளையால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் கவனம் தானாக வரும். பாடத்தின் ஏதோ ஒரு படியில் தவறி விழுந்த பிள்ளைக்கு மீண்டும் ஏறுவதற்கு வழி இல்லாவிட்டால், எந்த உத்தியாலும் அந்தப் பிள்ளையின் கவனத்தைப் பிடித்து வைக்க முடியாது.

இதை வெறும் கற்பித்தல் நுட்பமாக மட்டும் பார்க்க முடியாது. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைக்கு உயர்தரக் கலை, வர்த்தக, விஞ்ஞானப் பிரிவுகளின் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் தொழிற்கல்விப் பிரிவில் ஒரு வழியைத் தந்திருந்தாலும், அது எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. படுவான்கரைக் கிராமமொன்றில் அந்தக் கதவு மூடினால், ஆண்பிள்ளை கூலி வேலைக்கும் பெண்பிள்ளை வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் போகும் நிலை இன்றும் இருக்கிறது.

கவனம் எங்கே போகிறது?

இன்று தரம் 10, 11இல் இருக்கும் பிள்ளைகள் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஆனால் அவர்களின் பெற்றோர் 1990களில் சுற்றிவளைப்புகளுக்கு நடுவே படித்தவர்கள், அல்லது 2004 ஆழிப்பேரலையிலும் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் நடந்த இடப்பெயர்வுகளிலும் பாடசாலையை இழந்தவர்கள். பாடசாலைக் கட்டடங்களே அகதி முகாம்களாக இருந்த காலம் அது. பின்னம் படிக்கவேண்டிய வயதில் மரத்தடியில் தங்கியிருந்த தாயிடம், இன்று மகள் அட்சரகணிதத்தில் சந்தேகம் கேட்க முடியாது. வீட்டில் கேட்டறிய ஆள் இல்லாத பிள்ளைக்குப் பாடவேளையின் 40 நிமிடமே எல்லாம்.

வடகிழக்கில் யுத்தம் பாதித்த தமிழ்மொழிப் பாடசாலைகளில் 420 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏறத்தாழக் கால்வாசிப் பேரிடம் மனவடுவின் அறிகுறிகளைக் கண்டது. அப்பிள்ளைகளின் நினைவாற்றலும் பாடசாலைப் புள்ளிகளும் பாதிக்கப்பட்டிருந்ததாகவும் அது சொன்னது. அந்தப் பிள்ளைகள்தான் இன்றைய பெற்றோர்.

மனவடு ஒருபுறமிருக்க, கணிதப் பயமே கவனத்தைத் தின்னக்கூடியது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்க் அஷ்கிராப்ட், எலிசபெத் கேர்க் ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்துக்குப் பயப்படுபவர் கணக்குச் செய்யும்போது மனத்தில் எண்களைத் தாங்கி வைத்திருக்கும் தற்காலிக நினைவு சுருங்கிவிடுகிறது என்று காட்டியது. மனத்தின் ஒரு பகுதி பயத்தைச் சமாளிப்பதில் செலவாகிறது. பின்வரிசையில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை சோம்பேறியாக இருக்கவேண்டியதில்லை. அந்தப் பிள்ளையின் மனம் வேறொரு வேலையில் களைத்துப்போயிருக்கலாம்.

இவற்றோடு காலைச் சாப்பாடு இல்லாமல் வருவது, மாரி வெள்ளத்தில் பாதை மறிபடுவது, அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போவது என்பவையும் சேர்கின்றன. கணிதம் படிப்படியாக ஏறும் பாடம். இரண்டு வாரம் வராத பிள்ளைக்கு மூன்றாவது வாரப் பாடம் வேற்றுமொழியாகவே கேட்கும்.

40 நிமிடத்தைப் பிரித்தல்

ஒரே முறையில் 40 நிமிடம் நடத்தினால் நல்ல பிள்ளையும் சோர்ந்துவிடும். இலங்கையின் 2007 பாடத்திட்ட மாற்றத்தோடு வந்த 5ஈ முறை, அதாவது ஈடுபடுத்தல், தேடல், விளக்கம், விரிவாக்கம், மதிப்பீடு என்ற ஐந்து படிகள், சொல்லும் அடிப்படையும் இதுதான். ஒரு பாடவேளைக்குள் அதை நான் இவ்வாறு எளிமைப்படுத்திக்கொண்டேன்.

முதல் 5 நிமிடம் பழைய பாடத்திலிருந்து மூன்று சிறு வினாக்கள். அடுத்த 10 நிமிடம் புதிய விடயம், அதுவும் ஒன்றே ஒன்று. பிறகு 15 நிமிடம் பிள்ளைகள் சோடியாகச் செய்யும் வேலை. அடுத்த 7 நிமிடம் பிழைகளைப் பார்த்தல். கடைசி 3 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் செய்து தந்துவிட்டுப் போகவேண்டும்.

முதல் ஐந்து நிமிட வினாக்கள் எல்லோராலும் செய்யக்கூடியவையாக இருக்கவேண்டும். நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று, கீழ்வகுப்பிலிருந்து ஒன்று. நான் உள்ளே வரும்போதே அவை கரும்பலகையில் இருக்கும். "சத்தம் போடாதே" என்று சொல்லவேண்டிய தேவையே வராது. சாதாரண தர முதலாம் வினாத்தாளின் அ பகுதியில் 25 சிறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள். தினமும் மூன்று சிறுவினா செய்யும் பிள்ளைக்கு அந்தப் பகுதி பழக்கமாகிவிடுகிறது. கடைசித் துண்டுத்தாள் ஆசிரியருக்கானது. அதை மேலோட்டமாகப் பார்த்தாலே நாளை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது தெரியும்.

கேள்வி கேட்கும் முறை

"விளங்கிச்சா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "விளங்கிச்சு சேர்" என்று சொல்லும். அந்தப் பதிலில் எந்தத் தகவலும் இல்லை. கையுயர்த்தும் நான்கு பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் மற்ற முப்பது பேரும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒளிபுகும் பொலித்தீன் உறைக்குள் ஒரு வெள்ளைத்தாளைச் செருகினால் அது சிறு வெண்பலகை ஆகிவிடும். வெண்பலகைப் பேனாவால் எழுதித் துணியால் துடைக்கலாம். வினாவைக் கேட்டு, எல்லோரும் எழுதி, "மூன்று" என்றதும் ஒன்றாக உயர்த்தவேண்டும். யார் தவறிவிட்டார் என்பது ஆசிரியருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிள்ளைக்கு எல்லோர் முன்னிலையிலும் தனியாக எழுந்து நின்று கூச்சப்படவேண்டிய நிலையும் இல்லை.

இரண்டாவது, காத்திருத்தல். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கனளவே காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று செக்கன் மௌனம் ஆசிரியருக்கு நீளமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிக்கொள்வது நல்லது.

கை, கண், காது, பிறகு குறியீடு

ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1960களில் சொன்ன ஒழுங்கு இன்றும் பயன்படுகிறது. முதலில் பொருள், பிறகு படம், பிறகுதான் குறியீடு. சிங்கப்பூர் தனது ஆரம்பக் கணிதக் கல்வியை 1980களில் இந்த ஒழுங்கில்தான் அமைத்தது. நமக்கான பொருட்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன.

திசைகொண்ட எண்களுக்கு வாவியின் நீர்மட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். துறையில் நட்ட கம்பத்தில் வழமையான நீர்மட்டம் பூச்சியம். மழைக்கு நீர் மூன்று அடையாளம் ஏறுகிறது. முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்டியதும் ஐந்து அடையாளம் இறங்குகிறது. இப்போது மட்டம் எங்கே? (+3) + (−5) = −2 என்பதைப் பிள்ளை விதியாக மனனம் செய்யவேண்டியதில்லை. வெள்ளக்காலத்தில் ஆற்றுவாய் வெட்டுவதைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது கண்ணில் தெரிகிறது.

தரம் 6, 7இல் பொது மடங்குகளுட் சிறியதைக் கற்பிக்கத் தாளம் போதும். நான் சீராக எண்ணிக்கொண்டு போக, வகுப்பின் ஒரு பாதி ஒவ்வொரு மூன்றாம் எண்ணுக்கும், மறுபாதி ஒவ்வொரு நான்காம் எண்ணுக்கும் கைதட்டும். இரண்டு பாதியும் 12இலும் 24இலும் ஒன்றாகத் தட்டும். கூத்துக் களரியில் மத்தளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். 3க்கும் 4க்கும் பொ.ம.சி. 12 என்பதை அவர்கள் காதால் கேட்டுவிடுகிறார்கள். பிறகு 4, 6 என்று மாற்றினால், 24க்கு முன்பே 12இல் சந்திக்கிறதே என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விதான் பாடம்.

பின்னத்துக்கு ஒரு கம்பி போதும். 60 சென்ரிமீற்றர் நீளமாக இழுத்துக் கட்டிய கம்பியை மீட்டி, பிறகு பாதியாகிய 30 சென்ரிமீற்றரில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காகிய 40 சென்ரிமீற்றரை மீட்டினால் பஞ்சமம் கேட்கும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலில் பழந்தமிழ் இசையின் சுருதிகளை இத்தகைய விகிதங்களைக் கொண்டே ஆராய்ந்தார். அவர் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். சிலைக்கு மாலை போடும் நாளில் மட்டும் கேட்ட பெயர், அன்று பின்னப் பாடத்தில் வந்து உட்காரும்.

விளையாட்டுத் திடலில் ஓர் ஆறு

தரம் 11இல் சமகோண முக்கோணிகள் வரும். வெறும் நிறுவலாக நடத்தினால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதற்கு நான் திடலைப் பயன்படுத்துவேன். இரண்டு கயிறுகளைச் சமாந்தரமாக நீட்டி, நடுவில் உள்ளதை ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஆற்றைத் தாண்டாமல் அதன் அகலத்தைக் காணவேண்டும்.

அக்கரைக் கயிற்றில் ஒரு தடி. அதற்கு நேரெதிரே இக்கரையில் ஒரு தடி. அங்கிருந்து கரை வழியே 15 மீற்றர் நடந்து இரண்டாவது தடி. அதே நேர்கோட்டில் இன்னும் 5 மீற்றர் நடந்து மூன்றாவது தடி. அங்கிருந்து செங்கோணமாகத் திரும்பி, ஆற்றைவிட்டு விலகி நடக்கவேண்டும். இரண்டாவது தடியும் அக்கரைத் தடியும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் நிற்கவேண்டும். அந்தத் தூரம் 8 மீற்றர் என்றால், 15க்கும் 5க்கும் உள்ள விகிதம் 3 ஆகையால் ஆற்றின் அகலம் 24 மீற்றர். பிறகு அளவுநாடாவால் கயிறுகளுக்கு இடையே அளந்து பார்க்கலாம். விடை ஓரளவு பொருந்தும்போது எழும் சத்தத்தை எந்த ஆசிரியரும் அடக்க விரும்பமாட்டார். வித்தியாசம் வந்தால் எந்தக் கோணம் பிசகியது என்று தேடுவதும் ஒரு பாடம்.

இதை வாவிக் கரையில் செய்யவேண்டாம். தண்ணீருக்குப் பக்கத்தில் முப்பது பிள்ளைகளை ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்ள முடியாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை இங்கு பலர் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தார்கள். பாலம் கட்டுமுன் அகலத்தை எப்படி அளந்திருப்பார்கள் என்று கேட்டுவிட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனாலே போதும்.

வீட்டுக் கடனும் கூட்டல் விருத்தியும்

மேல்வகுப்புப் பிள்ளைகள் மிகக் கவனமாக இருந்த பாடம் எதுவென்று கேட்டால், கடன் வட்டி என்பேன். நுண்கடன் எங்கள் கிராமங்களில் எத்தனை தாய்மாரை வருத்தியது என்பதை இந்தப் பிள்ளைகள் அறிவார்கள்.

60,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை, ஆண்டுக்கு 24 வீதம் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் ஆண்டு முழுவதும் வட்டி கணித்தால் வட்டி 14,400 ரூபாய். மொத்தம் 74,400, மாதத் தவணை 6,200. அதே 24 வீதத்தை, அதாவது மாதம் 2 வீதத்தை, குறைந்து செல்லும் மீதிக்குக் கணித்தால் என்ன வரும்? மாதம் 5,000 ரூபாய் முதல் குறைகிறது. ஒரு மாத அலகுக்கு வட்டி 5,000இன் 2 வீதம், அதாவது 100 ரூபாய். மாத அலகுகள் 12 + 11 + 10 என்று 1 வரை, மொத்தம் 78. இது கூட்டல் விருத்தி. வட்டி 7,800 ரூபாய். இரண்டும் "24 வீதம்" என்றே சொல்லப்படலாம், ஆனால் வித்தியாசம் 6,600 ரூபாய்.

இரண்டு பாட அலகுகள் இந்த ஒரு கணக்கில் சேர்கின்றன. இனி வீட்டுக்கு ஒருவர் கடன் அட்டையோடு வந்தால் என்ன கேள்வி கேட்கவேண்டும் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. "உங்கள் வீட்டில் எவ்வளவு கடன்?" என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கக்கூடாது. எண்களை ஆசிரியரே கொடுக்கவேண்டும்.

அதுபோல் நெல் அறுவடைக் காலத்தில் ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ என்பதிலிருந்து ஏக்கர் விளைச்சலைக் கிலோவுக்கு மாற்றலாம். மரைக்கால், அவணம் என்பவை எவ்வளவு என்று அம்மம்மாவிடம் கேட்டுவரச் சொன்னால், படிக்காதவர் என்று தன்னை நினைத்திருக்கும் அந்த மனுசியும் பாடத்தில் பங்காளி ஆகிறார்.

பிழையைத் தேடும் வேலை

சரியான விடையைப் பார்த்து எழுதுவதைவிடப் பிழையைத் தேடுவதில் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். கரும்பலகையில் 2(x − 3) = 10 என்று எழுதி, அடுத்த வரியில் 2x − 3 = 10 என்றும், x = 6.5 என்றும் எழுதிவிட்டு, "இது யாரோ ஒரு பிள்ளையின் விடை, எங்கே வழுக்கியது?" என்று கேட்பேன். முதலில் விடையைப் பிரதியிட்டுப் பார்க்கவேண்டும். 6.5இலிருந்து 3ஐக் கழித்தால் 3.5, அதன் இரு மடங்கு 7. பத்து வரவில்லை. பிறகு அடைப்புக்குள் இருந்த 3 பெருக்கப்படாமல் விடப்பட்டதைக் கண்டுபிடிப்பார்கள். சரியான விடை 8.

அந்த "யாரோ ஒரு பிள்ளை" வகுப்பில் உள்ள பிள்ளையாக இருக்கக்கூடாது, கையெழுத்தும் தெரியக்கூடாது. அப்போதுதான் அதே பிழையை விட்ட பிள்ளையும் தைரியமாகச் சேர்ந்து தேடும்.

தவிர்க்கவேண்டியவை

கவனத்தைத் திருப்புவதற்காகப் பிரம்பால் மேசையில் ஓங்கி அடிப்பது, துடைப்பானை எறிவது என்பன எங்கள் பகுதியில் இன்னும் ஒழியவில்லை. உடல்சார் தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தடைசெய்திருக்கின்றன. அது தவிர, வீட்டில் அடிதடியைப் பார்த்து வரும் பிள்ளை திடீர்ச் சத்தத்தில் உறைந்துபோகும். உறைந்த பிள்ளை அமைதியாக இருக்கும். அதைக் கவனம் என்று எண்ணிவிடக்கூடாது. கையை மெதுவாக உயர்த்தி நிற்பது, விளக்கிக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்துவது, பிள்ளையின் மேசையருகே போய் நிற்பது போதும்.

கணக்கின் சொற்களையும் பார்க்கவேண்டும். "தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு" என்பது பாடநூல்களில் வழமையான வகைக் கணக்கு. தந்தையைக் காணாமல் ஆக்கப்பட்டவர் பட்டியலில் தேடும் குடும்பங்களும், தந்தை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட குடும்பங்களும் நம் கிராமங்களில் இருக்கின்றன. "ஒரு மரத்தின் வயது" என்று மாற்றினாலும் சமன்பாடு அதேதான். பிள்ளைகள் பரீட்சையில் அந்தச் சொற்களைச் சந்திக்கத்தான் வேண்டும். ஆனால் முதன்முதல் கற்கும் நாளில் கணக்கு மட்டும் கடினமாக இருந்தால் போதும்.

விளையாட்டுக்காகவே விளையாட்டு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கைதட்டலும் திடலும் வெண்பலகையும் கடைசியில் கொப்பியில் ஒரு கணக்காக வந்து முடியாவிட்டால், பிள்ளைகள் சந்தோசமாக இருப்பார்கள், ஆனால் கணிதம் நகர்ந்திருக்காது.

தவறவிட்ட பிள்ளை திரும்ப ஏற

கடைசியாக, நான் மிகவும் பயனுள்ளதாகக் கண்ட ஒன்று. வகுப்புக்குப் பொதுவாக ஒரு கொப்பி வைக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை, முறை வைத்து, அன்றைய பாடத்தை ஒரு பக்கத்தில் எழுதும்: திகதி, தலைப்பு, முழுமையாகச் செய்த ஓர் உதாரணக் கணக்கு, சுயமாகச் செய்ய ஒரு கணக்கு. அவ்வளவுதான். வெள்ளத்தாலோ காய்ச்சலாலோ வயல் வேலையாலோ வராத பிள்ளை, திரும்பி வரும் நாளில் அந்தப் பக்கங்களைப் பார்த்து எழுதும். பக்கத்தில் இருக்கும் சோடி பத்து நிமிடம் விளங்கப்படுத்தும். ஏன் வரவில்லை என்ற விசாரணை வகுப்பின் முன்னால் வேண்டாம்.

எழுதும் முறை தனக்கு வரும் நாளில் அந்தப் பிள்ளை முழுப் பாடவேளையும் கவனமாக இருக்கும். நாளை ஒரு நண்பன் அந்தப் பக்கத்தை நம்பிப் படிக்கப்போகிறான் என்பது அதற்குத் தெரியும்.

பெற்றோரும் இதில் பங்கெடுக்கலாம். கணிதம் தெரியவேண்டியதில்லை. "இன்று பொதுக் கொப்பியில் யார் எழுதியது, என்ன கணக்கு?" என்று கேட்டு, பிள்ளை சொல்வதை ஐந்து நிமிடம் இருந்து கேட்டால் போதும். தான் அறிந்ததை இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கு எந்த இடத்தில் தடக்குகிறது என்று தெரியவரும். அந்த இடத்தை அடுத்த நாள் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.